குட்டிக்குப் பிறவி அண்ணப் பிளவு: அறுவை சிகிச்சைச் செலவைக் கடையிடம் கேட்கலாமா?

கேள்வி: போன மாதம் கடையில் 4,200 வெள்ளிக்கு ஷிட்சூ நாய்க்குட்டி வாங்கினோம். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வழிகிறது. அண்ணத்தில் (வாயின் மேற்கூரையில்) பிறவிப் பிளவு, அறுவை சிகிச்சை தேவை என்கிறார் மருத்துவர். கடைக்காரரோ, "திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள், செலவெல்லாம் தர முடியாது" என்கிறார். ரசீதில் 7 நாள் உத்தரவாதம்தான். பிள்ளைகள் குட்டியை விட மறுக்கிறார்கள். என்ன செய்வது? - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: குட்டியைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மனதில் பிடிக்காவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் நாய்க்குட்டி ஒரு பொருள். அதனால் பொருள் விற்பனைச் சட்டமும், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டமும் (குறையுள்ள பொருளை விற்ற கடை அதைச் சரிசெய்யவோ மாற்றித் தரவோ வேண்டும் என்னும் சட்டம்) உங்களுக்குக் கைகொடுக்கும். வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கையில் கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். இதுவோ பிறவிக் குறை. அந்த 7 நாள் வாசகத்தால் இந்த உரிமைகளைப் பறிக்க முடியாது. விற்கும்போதே பிளவைச் சொல்லியிருந்தால் மட்டும் நிலைமை வேறு.

முதலில் மருத்துவரிடம் 'பிறவிக் குறை' என்று தெளிவாக எழுதிய கடிதமும் செலவு மதிப்பீடும் வாங்குங்கள். இரண்டையும் இணைத்து, செலவை ஏற்கும்படி கடைக்கு எழுத்தில் கேட்டு, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். சொல்லாமலே சிகிச்சையை முடித்துவிட்டு ரசீதை நீட்டினால், கடைக்கு வாதாட இடம் கிடைக்கும். ஆனால் இருமல், மூச்சுத்திணறல் வந்தால் யார் பதிலுக்கும் காத்திருக்காதீர்கள். உணவோ நீரோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். குட்டியின் உயிர்தான் முக்கியம்.

'செலவு குட்டியின் விலையைத் தாண்டுகிறது, மாற்றித் தருவதே நியாயம்' என்று கடை வாதிடலாம். அதில் கொஞ்சம் பலம் உண்டு. அப்போது விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம், இழப்பீடும் கோரலாம்.

இன்னொன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அண்ணத்தில் போட்ட தையல் பிரிந்து மீண்டும் துளை விழுவது இந்தச் சிகிச்சையில் சகஜம். இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எனவே புண் ஆறியதை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மதிப்பீட்டிலேயே அந்தச் செலவையும் எழுதச் சொல்லுங்கள்.

கடை அசையாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம், அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி, 2 ஆண்டுக்குள் பதியவேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேசவேண்டும். மருத்துவர் கடிதம், ரசீது, கடையுடன் பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகள், மூக்கில் தண்ணீர் வழியும் காணொளி எல்லாவற்றையும் இப்போதே தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள்.