இராமநாதபுரத்திலிருந்து நெடும்பயணம் போக ஹைப்ரிட் எஸ்யூவி ஏற்றதா?

கேள்வி கேட்டவர் தேவிப்பட்டினம் பக்கம் வசிப்பதாகவும், வயதான பெற்றோருடன் அடிக்கடி சென்னைக்கும் இடையிடையே தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் காரில் போவதாகவும், ஹைப்ரிட் எஸ்யூவி வாங்கினால் மைலேஜும் சொகுசும் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார். நானும் இந்தக் கடற்கரைக்காரன்தான். எங்கள் வீட்டில் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் எஸ்யூவி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால், அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன். வாங்கலாம். ஆனால் நீங்கள் அதிகம் ஓட்டப்போவது கிழக்குக் கடற்கரைச் சாலையா, திருச்சிக்கு அப்பாலுள்ள நான்குவழிச் சாலையா என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் லாபம் பெரிதும் மாறும்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய இரண்டிலும் இருப்பது ஒரே ஹைப்ரிட் அமைப்பு. 2022இல் அவை வந்தபோது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது சோதனைக்கூடத்தில், உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஒரு வரையறுத்த ஓட்டமுறையில், ஏ.சி. போடாமல் எடுத்த எண். பங்குனி வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏ.சி. இல்லாமல் உச்சிப்புளி வரைகூட நம்மால் போக முடியாது என்பதால், அந்த எண்ணை வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிட் வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்துவது முக்கியமாக மூன்று வழிகளில். பிரேக் பிடிக்கும்போது சூடாக வீணாகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. எஞ்சின் ஓடும் நேரத்திலும், அட்கின்சன் சுழற்சி என்னும் சிக்கனமான முறையில், அதற்கு வசதியான சுமையிலேயே பெரும்பாலும் ஓடுகிறது. இவற்றில் முதல் இரண்டும் வேகம் ஏறி இறங்கும் சாலையில்தான் பயன்படும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் நான்குவழிச் சாலையில் பிடிக்கப் பிரேக்கும் இல்லை, அணைய எஞ்சினுக்கு வாய்ப்பும் இல்லை. அங்கே அது சிக்கனமான ஒரு பெட்ரோல் வண்டி, அவ்வளவுதான்.

ஆகவே நம் பக்கத்துச் சாலைகளில் ஹைப்ரிட்டுக்கு மிகவும் ஏற்றது கிழக்குக் கடற்கரைச் சாலை. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆட்டுமந்தை, போலீஸ் பேரிகாடு. நடுவில் 70, 80 வேகத்தில் ஆளில்லா நேர்ச்சாலை. இந்த ஏற்ற இறக்க ஓட்டத்தில் எங்கள் வண்டி லிட்டருக்கு 23 முதல் 25 வரை தருகிறது. அதே வண்டி திருச்சி தாண்டி 90, 100 வேகத்தில் 19, 20 என்றும், நம்மை முந்திப் போகிறவர்களைப் பார்த்து நாமும் 110க்கு மேல் அழுத்தினால் 17 என்றும் இறங்கிவிடுகிறது. இவை வண்டியின் திரை காட்டும் எண்கள் அல்ல. ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, மறுமுறையும் அவ்வாறே நிரப்பிக் கணக்கிட்டவை. திரை எப்போதும் நம்மைச் சற்று மகிழ்விக்கவே பார்க்கிறது.

வேகம் கூடினால் மைலேஜ் ஏன் இப்படிச் சரிகிறது என்பதற்குக் காரணம் காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வதால், 80இலிருந்து 110க்குப் போகும்போது அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. எஸ்யூவிக்கு முகப்பும் உயரம் என்பதால் அடி இன்னும் பலமாக விழும். இதில் நம் கடற்கரைக்கென்று ஒரு தனிக்கணக்கு உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது, இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போகிறவர் கிட்டத்தட்ட அதன் வாய்க்குள்ளேயே ஓட்டிப் போகிறார். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், வேகமானி 80 காட்டினாலும் வண்டியின் முகத்தில் மோதுவது 110 வேகக் காற்று. அதே சாலையில், அதே வேகத்தில், மாலையில் திரும்பி வரும்போது காற்று முதுகைத் தள்ளுவதால் மைலேஜ் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே இங்கே யாராவது ஒருவழிப் பயணத்து மைலேஜைச் சொன்னால், எந்த மாதம், எந்தத் திசை என்று கேட்காமல் அதை நம்பிவிடாதீர்கள். போய்வந்த இரு வழிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கே கணக்கு.

நிற்கும் நேரத்தில் கிடைக்கும் சுகம் தனி. பாம்பன் சாலைப் பாலத்தில் விடுமுறை நாட்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தபின், ரயில் வருகிறதா என்று பார்க்க வண்டியை ஓரங்கட்டுகிறவர்களின் கூட்டம் வேறு சேர்ந்துகொண்டது. அந்த நெரிசலில் ஊரும்போது எங்கள் வண்டியின் எஞ்சின் அணைந்தே இருக்கும், ஏ.சி. கம்ப்ரசர் பேட்டரியில் ஓடுவதால் உள்ளே குளிர் குறையாது. பேட்டரி சிறியது என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சின் தானாக எழுந்து, கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடியும் அணையும்; புதிதாக ஏறியவர்கள் ஏதோ கோளாறு என்று திரும்பிப் பார்ப்பார்கள். பாலத்தின் நடு உச்சியைத் தாண்டி இறங்கும்போது பேட்டரிக் கோடு ஒன்று கூடுவதைத் திரையில் பார்க்கலாம். மற்றபடி மாவட்டம் முழுவதும் தட்டையான பூமி என்பதால், கொடைக்கானல் இறக்கத்தில் சேர்வதுபோன்ற இலவச மின்சாரம் நமக்கு வாய்க்காது.

அதனால் பிரேக்கைப் பயன்படுத்தும் விதம்தான் முக்கியம். தூரத்தில் பேரிகாடு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு, பிரேக்கை மென்மையாக, நீளமாகப் பிடித்தால் ஆற்றல் பேட்டரிக்குப் போகும்; கடைசி நொடியில் அழுத்திப் பிடித்தால் அது பிரேக் பேடில் சூடாகிப் போய்விடும். வீட்டில் என் தம்பி ஓட்டினால் கிடைக்கும் மைலேஜும் நான் ஓட்டினால் கிடைக்கும் மைலேஜும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் அவனுடைய வலது கால் தவிர வேறொன்றுமில்லை.

சொகுசைப் பற்றிச் சொன்னால், ஓட்டுநருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை களைப்பின்மை. கிளச் இல்லை, கியர் இல்லை, கியர் மாறும்போது வரும் குலுக்கலும் இல்லை. தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சியைத் தொடும்போது இடது கால் ஓய்வாக இருந்ததன் அருமை தெரியும். பெற்றோருக்கு இருக்கை உயரம் உதவும். மூட்டுவலிக்காரர்கள் குனிந்து உட்காரவும் வேண்டாம், பெரிய எஸ்யூவிகளைப் போலப் படி வைத்து ஏறவும் வேண்டாம். ஏர்வாடி தர்கா தெருவிலும் கீழக்கரைச் சந்துகளிலும் மோட்டாரில் மட்டும் ஊர்ந்து போகும்போது உள்ளே பேச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. ஆனால் அந்த அமைதியில் ஓர் ஆபத்தும் உண்டு: பின்னால் கார் வருவது தெரியாமல் மக்கள் நடுத்தெருவில் நிதானமாக நடந்துகொண்டிருப்பார்கள். திடீரென ஹாரன் அடித்தால் பெரியவர்கள் பதறிப்போவார்கள். கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் வழி விடுங்கத்தா" என்று சொல்லிவிடுவதே நல்லது.

இந்த அமைதி கலைவது முந்தும்போதுதான். பரமக்குடியிலிருந்து சத்திரக்குடி வழியாக இராமநாதபுரம் வரும் 46.7 கிலோமீட்டர் சாலையை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அந்த வேலை முடியும்வரை அங்கே பேருந்துகளையும் லாரிகளையும் எதிர்வரிசையில் ஏறித்தான் முந்தியாக வேண்டும். அப்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், மோட்டார் உடனே தள்ளினாலும், எஞ்சின் ஒரே சுருதியில் உச்சக்குரல் எடுத்துக் கத்துகிறது. இவ்வகைக் கியர்ப்பெட்டியில் எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒன்றையொன்று ஒட்டிப் போவதில்லை என்பதே காரணம். கெடுதல் ஏதுமில்லை, ஆனால் கேட்க இனிமையாக இல்லை. நல்ல டீசல் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இந்த இடத்தில் மனம் குறைபடும். நாலு பேரும் பெட்டிகளும் இருக்கும்போது நான் முந்துவதற்கான இடைவெளியைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு குறை டிக்கி. பேட்டரியைப் பின்பக்கத் தரைக்குக் கீழே வைத்திருப்பதால், சாதாரண பெட்ரோல் வகையைவிட இடம் கண்கூடாகக் குறைவு. சென்னையில் இருக்கும் உறவுக்கு நாம் கொண்டுபோவது துணிப்பெட்டி மட்டுமா? முண்டு மிளகாய் ஒரு மூட்டை, தேங்காய், கருப்பட்டி, பனங்கிழங்குக் காலத்தில் ஒரு கட்டு கிழங்கு என்று சேரும்போது, கடைசியில் ஒரு பை யாராவது ஒருவரின் மடிக்கு வந்துவிடும். கருவாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எஸ்யூவியில் டிக்கி தனி அறை அல்ல, இருக்கைக்குப் பின்னால் திறந்து கிடக்கும் இடம். ஏ.சி. உள்காற்றையே சுழற்றும்போது நெத்திலிக் கருவாட்டின் மணம் விழுப்புரம் தாண்டியும் கூடவே வரும். மூடி இறுகும் டப்பா இல்லாமல் ஏற்றாதீர்கள்.

பல ஹைப்ரிட் வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கைப் பக்கத்திலுள்ள ஒரு துவாரத்தின் வழியாகத்தான் உறிஞ்சப்படுகிறது. அதைப் போர்வையாலோ பையாலோ மூடிவிடக் கூடாது. அரிச்சல்முனைக்குப் போய்வந்தால் செருப்போடும் துண்டோடும் உள்ளே வந்துசேரும் நுண்மணல் அந்தத் துவாரத்தின் வடிகட்டியில் படியும் என்பதால், சர்வீஸ் விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் செய்வதில்லை. உப்புக்காற்றுக்கு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது எல்லா வண்டிக்கும் பொதுவானதே, ஹைப்ரிட்டுக்கென்று தனி பயம் வேண்டாம்.

டயரைச் சொல்லாமல் விட முடியாது. நம் மாவட்டத்தில் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். மண் தோளில் வண்டியை இறக்கி நிறுத்தி எடுத்தாலே ஒரு முள் ஏறிவிடும். டியூப்லெஸ் டயர் என்பதால் உடனே காற்று இறங்காது. முள்ளே அடைப்பாக இருந்துகொண்டு, நாளுக்கு ஒரு பங்கு காற்றை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைந்த டயர் உருள அதிக ஆற்றல் கேட்கும் என்பதால், வண்டி மைலேஜ் தரவில்லை என்று பழிசொல்லும் முன் நான்கு டயரையும் பார்க்க வேண்டும். முள் கண்ணில் பட்டாலும் வழியில் பிடுங்காமல், பஞ்சர் கடை வரை அப்படியே ஓட்டிப் போவதே சரி.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். இதே அளவிலான சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வண்டி 15 தருகிறது, ஹைப்ரிட் 21 தருகிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 190 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 19,000 ரூபாய். ஹைப்ரிட்டுக்காக நீங்கள் கூடுதலாகத் தருவது இரண்டரை லட்சம் என்றால், அது திரும்ப ஏறத்தாழ 1,30,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாருதி, டொயோட்டா இரண்டுமே ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருவதால் கணக்கு அதற்குள் அடங்குகிறது, ஆனால் குறைவாக ஓட்டுகிறவருக்கு அது நெடுங்காலம். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகும் இந்த அளவு ஹைப்ரிட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்குள்ள 5 சதவீதச் சலுகை இதற்கு இல்லை என்பதால், சாதாரண பெட்ரோல் வண்டியோடுள்ள விலை இடைவெளி எளிதில் சுருங்கப்போவதும் இல்லை.

உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நான்குவழிச் சாலையில் 100 தாண்டிய வேகம் என்றால், டீசலையே பாருங்கள். தூத்துக்குடி, இராமேசுவரம், தொண்டி என்று கடலோரமே அதிகம், சென்னைக்கும் நிதானமாகத்தான் போவோம் என்றால் ஹைப்ரிட்டை எடுங்கள். 45 லிட்டர் டேங்க் நிரம்பினால் 800 கிலோமீட்டர் தயங்காமல் போகலாம் என்பதால், இராமநாதபுரத்தில் நிரப்பிவிட்டுப் போனால் சென்னை சேர்ந்து திரும்பும் வழியில் பாதித் தூரம் வரை பங்க் தேட வேண்டியதில்லை. வாங்கும் முன் டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டத்தோடு முடித்துவிடாமல், அப்பாவையும் அம்மாவையும் பின்னிருக்கையில் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு பரமக்குடிச் சாலைக்குப் போய், ஒரு பேருந்தை முந்திப் பார்க்கக் கேளுங்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்பதை இறங்கியபின் அவர்களிடமே விசாரியுங்கள்.