எம்-3 பயமும் நாலு மாத அவகாசமும்

கேள்வி: அக்கா, அப்பாவுக்குத் தறி வேலை. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். கவுன்சலிங்கில் பி.இ. நேரடி இரண்டாம் வருடம் சேர ஆசை. ஆனால், "எம்-3ங்கற மூணாவது செமஸ்டர் கணக்குல அரியர் விழும், தமிழ் மீடியம் பசங்க தாங்க மாட்டாங்க" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சேரலாமா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: சேருங்கள் தம்பி. நானும் அந்த வழியில் போனவள்தான். டிப்ளமோ முடித்து, ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் ஒரு வருடம் டிராயிங் போட்டுவிட்டு, பி.இ. மூன்றாவது செமஸ்டர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு 18. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன்.

எனக்கு மூளை இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். காரணம் வேறு. பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் முதல் வருடத்தோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு வருடம் லேத், வெல்டிங், டிராயிங் என்று ஓடுகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பிளஸ் டூ முடித்து, எம்-1, எம்-2 படித்த சூட்டோடு வந்திருக்கிறார். உங்களுக்கோ இன்டக்ரேஷன் கை மறந்து போயிருக்கும்.

அதனால் ஏப்ரல் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கிற நாலு மாதத்தை விடாதீர்கள். பழைய முதல் வருடக் கணக்கு நோட்டைத் தேடி எடுங்கள். தினம் ஒரு மணி நேரம், இன்டக்ரேஷன் மட்டும். எம்-3யில் ஃபூரியர் சீரிஸ் வரும்; ஒரு ஃபங்ஷனை சைன், காஸ்களின் கூட்டலாக எழுதுவது அது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். முக்கால்வாசி வேலை, எக்ஸையும் காஸ் என்எக்ஸையும் (x cos nx) பெருக்கி இன்டக்ரேட் செய்வது மாதிரிதான். டிப்ளமோவில் போட்ட பெர்னோலி ஃபார்முலாவே போதும். சைன் என் பை (sin nπ), என் முழு எண் என்பதால், எப்போதும் பூஜ்யம். காஸ் என் பை (cos nπ), என் இரட்டை எண்ணாக இருந்தால் பிளஸ் ஒன்று, ஒற்றை எண்ணாக இருந்தால் மைனஸ் ஒன்று. இது கையில் படிந்தாலே பாதிப் பயம் போய்விடும். இன்னொன்று: பாலிடெக்னிக்கில் 40 எடுத்தால் பாஸ், அண்ணா பல்கலைக்கழகத்தில் 50.

இங்கிலீஷ் பேச்சு தானாக வரும். எழுத்துதான் முதல் செமஸ்டரில் படுத்தும். டிப்ளமோவில் தமிழில் எழுதிய பதில்களில் தினம் ஒன்றை இங்கிலீஷில் திருப்பி எழுதிப் பாருங்கள். மைக்ரோமீட்டர் பிடித்த கை உங்களுடையது தம்பி. லேபில் மற்றவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். கணக்கை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கரையேறினேன்.

இப்போது எழுதும் பேப்பரில் மார்க்கை விட்டுவிடாதீர்கள். கவுன்சலிங் ரேங்க் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணச் சலுகை கேட்க அது வேண்டும். கடைசி வாரத்தில் அலைந்தால் கைக்கு வராது.

கல்லூரி வரிசை போடும்போது வேலூர் பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியை மேலே வையுங்கள். அரசுக் கல்லூரி, மெக்கானிக்கலும் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து ரயிலில் காட்பாடி, அங்கிருந்து டவுன் பஸ். ஆனால் உங்கள் ஊர் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. சேருவதற்கு முன் ஒரு நாள் காலையில் கிளம்பி, வீட்டு வாசலிலிருந்து கல்லூரி கேட் வரை எவ்வளவு நேரம் ஆகிறதென்று போய்ப் பாருங்கள். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால், முதல் வருடமாவது ஹாஸ்டல் கேளுங்கள்.