‘நாட் இன்’ குவெரி ஏன் வெறுமையாக வருகிறது?

இதுவரை ஆர்டர் கொடுக்காத வாடிக்கையாளர்களைத் தேடும் உங்கள் எஸ்க்யூஎல் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) வெறுமையாக வருவதற்கு, இன்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் அட்டவணை) மீண்டும் உருவாக்கியது காரணமா என்று கேட்டிருந்தீர்கள். உள்குவெரி (குவெரிக்குள் எழுதப்படும் இன்னொரு குவெரி) தரும் பட்டியலில் ஒரேயொரு ‘நல்’ (மதிப்பே பதியப்படாத புலம்) இருந்தாலும், அந்தப் பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் ‘நாட் இன்’ ஒரு பதிவைக்கூடத் திருப்பித் தராது. உங்கள் குவெரி, பிழையேதும் காட்டாமல் வெறுமையாக முடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்டெக்ஸை மீண்டும் உருவாக்கியதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

‘நாட் இன்’ பட்டியலின் ஒவ்வொரு மதிப்போடும் ‘சமமில்லை’யா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. 7 என்ற எண்ணை 3, 5, நல் ஆகிய மூன்றோடும் ‘சமமில்லை’ என்று ஒப்பிட்டால், முதல் இரண்டுக்கும் ‘உண்மை’ என்றும் மூன்றாவதற்குத் ‘தெரியாது’ என்றும் விடை வரும். இவற்றை ‘அண்ட்’ கொண்டு இணைக்கும்போது மொத்த விடையும் ‘தெரியாது’ என்றாகிவிடுவதாலும், பதிவுகளை வடிகட்டும் ‘வேர்’ நிபந்தனை ‘உண்மை’யை மட்டுமே அனுமதிப்பதாலும், 7 வெளியே தள்ளப்படுகிறது. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் ஆகிய மூன்று தரவுத்தளங்களிலும் இதே கதைதான்.

சரிபார்க்க, ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண் ‘இஸ் நல்’ ஆக உள்ள பதிவுகளை எண்ணிப் பாருங்கள். (கவுன்டரில் நேரடியாக வாங்கியவர்களின் பில்கள் இப்படித்தான் எண்ணின்றிப் பதிவாகியிருக்கும்.) ‘கவுன்ட்’ அடைப்புக்குள் நட்சத்திரக் குறியையே இடுங்கள், அந்தப் புலத்தின் பெயரை இட்டால், நல்களைக் கணக்கில் சேர்க்காமல் அது பூச்சியம் என்றே காட்டும்.

உள்குவெரியில் ‘இஸ் நாட் நல்’ சேர்த்தாலும் வேலை நடக்கும் என்றாலும், ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ஆக (பொருந்தும் பதிவு எதுவும் இல்லையா என்று மட்டும் பார்ப்பது) மாற்றி எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால், ஒப்பிடப்படும் வெளிப்புலத்திலும் (வெளியே உள்ள முதன்மைக் குவெரியின் புலம்) நல் இருக்கக்கூடுமெனில், ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ அந்தப் பதிவுகளையும் சேர்த்தே தரும். அவை வேண்டாமென்றால் தனியாக வடிகட்ட வேண்டும்.