சோதனை நோயியல் என்றால் என்ன? இளநிலை மருத்துவ மாணவர் அதை ஏன் படிக்க வேண்டும்?

நோயுற்ற திசுவில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கமான நோயியல். அதே மாற்றத்தைச் செல்களிலோ விலங்குகளிலோ வேண்டுமென்றே உண்டாக்கி, எது எதனால் வந்தது என்று தேடுவது சோதனை நோயியல். கருகிய வீட்டைப் பார்த்துத் தீ எப்படிப் பிடித்தது என ஊகிக்கலாம். அளவாக ஒரு தீயை மூட்டிப் பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

1915-இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இரு ஆய்வாளர்கள் முயல் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் தடவிப் புற்றுநோயை வரவழைத்துக் காட்டினார்கள். (என்ன பொறுமை!) தார் புற்றுநோயை உண்டாக்கும் என்ற சந்தேகம் அப்படித்தான் உறுதியானது.

இதைப் படிக்கும் மாணவர், பாடப்புத்தகத்தில் 'காரணம்' என்று ஒரே வரியில் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கத் தொடங்குவார்.

அப்புறம், இது ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்பது தவறு. எலியில் பலித்த மருந்து மனிதருக்கும் பலிக்குமா என்று எடைபோட, வார்டில் இருக்கும் மருத்துவருக்கும் இது வேண்டும்.