போடிமெட்டு ஏறும் சட்டைப்பைக்குப் பட்டன் மை பேனா சரிப்படுமா?

போடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். விடிகாலையில் ஆட்களோடு ஜீப்பில் ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிறவர். அவர் கேட்டது இது: "அண்ணே, ஆள் கணக்கு, பச்சைக்காய் எடை எல்லாமே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா. மூடியைக் கழற்றி எங்கே வைப்பது? பால்பாயிண்டில் அழுத்தி எழுதி ராத்திரி விரல் வலிக்கிறது. பட்டனை அமுக்கினால் நிப் வெளியே வருகிற மை பேனா இருக்கிறதாமே. தினமும் புழங்க அது தாங்குமா? விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது."

தாங்கும். உங்கள் வேலைக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் உங்கள் கை அதைப் பிடிக்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு வழி கீழே சொல்கிறேன்.

பேனா எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் நல்லது கெட்டது இரண்டும் தானாகப் புரிந்துவிடும். இந்த வகையில் நிலைத்து நின்றது ஜப்பானின் பைலட் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த 'கேப்லெஸ்'. அமெரிக்காவில் அதையே 'வேனிஷிங் பாயிண்ட்' என்று விற்கிறார்கள். நிப், அதன் அடியில் உள்ள நாக்கு, மைக்குழாய் மூன்றும் ஒரே துண்டாக உடம்புக்குள் இருக்கும். பின்பக்கம் பட்டனை அமுக்கினால் அந்தத் துண்டு முழுக்க முன்னால் நகரும். முனையில் சின்னக் கதவு ஒன்று உண்டு. நிப் வரும்போது விலகிக்கொள்ளும், நிப் உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள், மீன் செவுள் மாதிரி அந்தத் தகடு அசைவது தெரியும். மூடி செய்கிற வேலையை இந்தத் தகடுதான் செய்கிறது. மை காயாமல் இருப்பது அதைப் பொறுத்தது.

திருகு மூடி அளவுக்கு அது இறுக்கமாக அடைக்காது. தினமும் எழுதுகிறவருக்கு இதில் கஷ்டமில்லை. ஒரு வாரம் பத்து நாள் தொடாமல் வைத்தால் முதல் இரண்டு எழுத்து வெளிறும், இல்லை விட்டுவிட்டு விழும். ஈரத்துணியில் நிப்பை ஒற்றினால் சரியாகிவிடும். மாதக்கணக்கில் மையோடு போட்டுவிட்டால் மைக் குழம்பு உள்ளே காய்ந்து பிடித்துக்கொள்ளும். மலையில் காற்று ஈரமாக இருப்பதால் காய்வது குறைவு. அதே பேனா சித்திரை வெயிலில் போடி வீட்டில் ஃபேனுக்கு அடியில் கிடந்தால் சீக்கிரம் காயும். லீவில் ஊரோடு இருக்கப்போகிறீர்கள் என்றால் கழுவி வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் பாதைக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு முக்கியமானது இதுதான். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காது அடைக்கிறதே, அதே சமாச்சாரம் பேனாவுக்குள்ளும் நடக்கிறது. மைக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்று விரியும், விரிந்த காற்று மையை நாக்கு வழியே வெளியே தள்ளும்.

எவ்வளவு தள்ளும் என்பது உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சொட்டுக்குழாயால் மை ஊற்றும் பழைய தடிப் பேனாவில் இரண்டு மூன்று மில்லி மை பிடிக்கும். அது பாதி காலியாக இருந்தால் ஒன்றரை மில்லி காற்று. மேலே போவதற்குள் அது விரிந்து மூன்று சொட்டு மையைக் கழுத்துக்குள் தள்ளிவிடும். நான் அந்த மாதிரி எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாதான் வெகுகாலம் வைத்திருந்தேன். ஒரு நாள் மேட்டில் ஜீப் நின்றதும் பில்லில் கையெழுத்துப் போட மூடியைத் திருகினேன். மூடிக்குள் தேங்கியிருந்த நீலம் கட்டைவிரல் நகக்கண்ணில் இறங்கி, பில்லின் மூலையில் ரூபாய்க்காசு அளவுக்குப் பரவியது. பேனாவில் குறை இல்லை. பாதி காலியான பேனாவோடு மலை ஏறியது நான்.

பட்டன் பேனாவின் குறை என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தில் உங்களுக்கு லாபமாகிறது. பைலட்டின் கன்வெர்ட்டரில் 0.4 மில்லிதான் மை பிடிக்கும். கன்வெர்ட்டர் என்றால் திரும்பத் திரும்ப மை உறிஞ்சி நிரப்பும் சின்னக் குழாய். பாதி காலியாக இருந்தாலும் உள்ளே இருப்பது 0.2 மில்லி காற்று. அது விரிந்தாலும் அரைச் சொட்டுகூடத் தள்ளாது. ஒரு நாள் ஆள் கணக்குக்கும் எடைக்கும் அந்த மை தாராளம். உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்குத்தான் அது போதாது. போதவில்லை என்றால் அதே பேனாவில் கார்ட்ரிட்ஜ் போடலாம், சுமார் 0.9 மில்லி வரும். பைலட்டில் கார்ட்ரிட்ஜ் போடும்போது அதன் மேல் கூடவே கொடுக்கும் உலோக உறையை மாட்ட மறக்காதீர்கள். அது இல்லாமல் பட்டன் சரியாக வேலை செய்யாது.

இன்னொரு லாபமும் உண்டு. கேப்லெஸ்ஸில் கிளிப் நிப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் சட்டைப்பையில் குத்தும்போது நிப் மேலே நிற்கும். மை கீழே போய், காற்று நிப்பை ஒட்டி நிற்கும். விரிகிற காற்று மையைத் தள்ளாமல் நேரே வெளியேறிவிடும். இதையே பைக்குள் குறுக்கே போட்டால் இந்தப் பலன் கிடைக்காது, பட்டன் எதன் மேலாவது அமுங்கி நிப் வெளியே வந்தாலும் வரலாம். ஏறுவதற்கு முன்பு போடியிலேயே முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். நிறைந்த பேனாவில் விரிவதற்குக் காற்றே இல்லை. இறங்கும்போது ஒன்றும் ஆகாது, காற்று சுருங்கத்தான் செய்யும்.

அதே கிளிப்தான் பலருக்கு இந்தப் பேனாவை வேண்டாம் என்று ஆக்குவது. நாம் பேனா பிடிக்கும் இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது உட்கார்ந்துகொள்ளும். மூன்று விரலால் நேராகப் பிடிக்கிறவருக்கு அது வழிகாட்டி மாதிரி, நிப் புரளாமல் காக்கும். கட்டைவிரலைக் குறுக்கே போட்டுப் பிடிக்கிறவருக்கு அரை மணியில் எரிச்சல் வரும். இடது கைக்காரர் பலருக்கும் தொந்தரவுதான். சோதிக்க ஒரு வழி: ஒரு தீக்குச்சியை மருந்துத் தலை ஒடித்து, நீங்கள் இப்போது வைத்திருக்கும் பேனாவின் பிடியில் மேல்பக்கம் நீளவாக்கில் வைத்து இரண்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். அதோடு இரண்டு நாள் ஆள் கணக்கு எழுதுங்கள். குச்சியை மறந்துபோனீர்கள் என்றால் வாங்கலாம். விரல் அதைத் தேடிக்கொண்டே இருந்தால் வாங்க வேண்டாம். இதைச் செய்யாமல் பெரிய தொகை போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

விலை. பைலட் கேப்லெஸ் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது, பெரும்பாலான மாடல்களில் நிப் பதினெட்டு காரட் தங்கம். அதிலேயே டெசிமோ என்று ஒல்லியான, எடை குறைந்த வகை இருக்கிறது. சின்னக் கைக்கு அது நல்லது. ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி 2020-ல் விட்ட குரிடாஸ் பட்டன் பேனா விலை குறைவு, எஃகு நிப், கிளிப்பைக் கழற்றலாம். ஆனால் பிளாஸ்டிக் உடம்பு, நீளமும் அதிகம், ஜீப் குலுக்கலுக்கு நான் சொல்லமாட்டேன். ஜெர்மன் கம்பெனி லாமியின் டயலாக், உடம்பைத் திருகி நிப்பை வெளியே கொண்டுவருவது, அதற்கு இரண்டு கை வேண்டும், உங்கள் பிரச்சினை தீராது. சீனாவின் மாஜோன் ஏ1 கேப்லெஸ் ஜாடையில் சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. எஃகு நிப், உலோக உடம்பு. கிளிப் இல்லாத வகையும் உண்டு, ஆனால் அதைச் சட்டைப்பையில் நிப் மேலாக நிறுத்த முடியாது. ஏலக்காட்டுச் சேற்றில் ஒரு நாள் விழத்தான் போகிறது என்பதால், முதல் பேனாவாகக் கிளிப் உள்ள ஏ1-ஐ வாங்கி ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். பிடித்துப்போனால் அப்புறம் பைலட். எந்தப் பேனாவானாலும் நிப் மெல்லியது எடுங்கள். தோட்டத்து நோட்டுத் தாளில் பருமன் நிப் ஊறிப் படரும்.

ரிப்பேர் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர் ரங்கா பேனாக்காரர்கள் மாதிரி கடைசலில் செய்யும் எபோனைட் பேனா என்றால் கழுத்து உடைந்தால் புதிதாகக் கடைந்துவிடலாம். பட்டன் பேனாவில் அந்தக் கதவோ ஸ்பிரிங்கோ போனால் நம் ஊர்ப் பேனாக் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. நிப் வளைந்தால் மட்டும் அந்தத் துண்டை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

மை சாதாரண சாய மையாக இருக்கட்டும். இரும்புச்சத்து கலந்த பழைய நிரந்தர மையும், தண்ணீரில் கரையாத நிறமி மையும் இந்தப் பேனாவுக்கு ஆகாது. கதவு ஓரத்தில் காய்ந்தால் சுரண்டி எடுக்க வழியில்லை. அப்படியென்றால் மழையில் எழுத்து கரையுமே என்பீர்கள். கரையும். ஆனி ஆடித் தூறலில் எழுதும் பக்கத்துக்கும், கார்பன் வைத்து எழுதும் பில்லுக்கும் பால்பாயிண்ட் ஒன்று கூடவே இருக்கட்டும். மை பேனாவை அழுத்தினால் கார்பன் பதியாது, நிப்தான் விரியும்.

இரண்டு தரம் மை தீர்ந்ததும் நிப் துண்டை உருவி, குழாயைக் கழற்றி, மெடிக்கலில் கிடைக்கும் ரப்பர் பல்பால் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடியுங்கள். தண்ணீர் தெளிந்து வரும்வரை அடித்து, கடைசித் தடவை குடிதண்ணீர் விட்டு, பழைய பருத்தித் துணியில் நிப் கீழாக ராத்திரி முழுக்க நிறுத்துங்கள். காலையில் துணியில் ஈரவட்டம் மட்டும் இருந்து நீலம் இல்லையென்றால் மை நிரப்பி ஜீப் ஏறலாம்.