அரசர்களின் காதலும் நம் காலத்துச் சொற்களும்: கேள்வி பதில்

தக்கலையில் நடந்த எங்கள் மாதக் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள். நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: அலெக்சாண்டர் தன்பாலீர்ப்பாளரா சார்? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

ஒரு வார்த்தையில் அடங்காது தம்பி. கி.மு. 324இல் உயிர் நண்பர் ஹெபஸ்தியோன் இறந்தபோது அலெக்சாண்டர் நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தார் என்கிறார் ஆரியன் (Arrian) என்ற பழைய வரலாற்றாசிரியர். அதே ஆண்டில்தான் இருவரும் பாரசீக அரசரின் மகள்களான அக்கா தங்கையை மணந்திருந்தார்கள். ஆரியன் எழுதியதோ நானூறு ஆண்டுக்கும் மேல் கழித்து. அன்பின் ஆழம் தெரிகிறது, படுக்கையறை தெரியவில்லை. தன்பாலீர்ப்பைக் குறிக்கும் 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1869இல்தான் ஜெர்மன் மொழியில் அச்சேறியது.

ஒரு அக்கா, மார்த்தாண்டம்: ராஜா ராணி காதலுக்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்பதில்லையே?

நியாயமான கோபம். ரோமப் பேரரசர் ஹாட்ரியனைப் பாருங்கள். கி.பி. 130இல் அவர் நேசித்த ஆன்டினூஸ் என்ற இளைஞன் நைல் நதியில் மூழ்கி இறந்ததும், அவன் பெயரில் அங்கேயே ஒரு நகரம் கட்டி, அவனைத் தெய்வமாக்கி, ஊர் ஊராகச் சிலை வைக்கச் செய்தார். இதை வெறும் நட்பு என்று மூடுவது பொய்.

தமிழாசிரியை, குளச்சல்: கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் அப்படித்தான் என்று மாணவன் சொல்கிறான்.

அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன் டீச்சர். பார்க்காமலே பழகியவர்கள் அவர்கள். சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர் விடத் துணிந்தபோது, பிசிராந்தை வருவான், அவனுக்கு இடம் வையுங்கள் என்றான். அவரும் வந்து சேர்ந்து உயிர் விட்டார். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்ற குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் உதாரணமே இவர்கள்தான். அங்கே புணர்ச்சி என்றால் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது. இன்றைய பொருளில் வாசித்தால் குறளே தலைகீழாகிவிடும். மாணவனை அதட்டாதீர்கள், அந்தச் சொல்லைக் காட்டுங்கள்.

ஒரு தம்பி, பத்மநாபபுரம்: நம்ம அரண்மனையில் இருந்த திருவிதாங்கூர் ராஜாக்கள்?

அவர்களுக்கு மருமக்கள்தாயம். பட்டம் சகோதரியின் மகனுக்கு. அரசரின் மனைவிக்கு அம்மச்சி என்றுதான் பெயர், ராணி ஆக மாட்டார். மகனுக்கு ஏன் பட்டமில்லை என்று இன்றைய கண்ணால் துருவினால் இல்லாத ரகசியமெல்லாம் தோன்றும்.

பெயர் சொல்லாதவர்: இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்கிறார் சித்தப்பா.

தன் சட்டைக் கைமேல் தூங்கிய டாங் சியானை எழுப்ப மனமின்றி, ஹான் பேரரசர் அய் அந்தச் சட்டைக் கைத்துணியையே வெட்டிவிட்டு எழுந்த கதை சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்தது 1860இன் தண்டனைச் சட்டம், இந்த உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது அதன்படி குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை ஆயிற்று.