காம்ப்ரே 1917: டாங்கியைப் பேசுகிறோம், பீரங்கியை மறக்கிறோம்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 'நவீனப் போர்முறையை மாற்றிய ஒரு சண்டை' என்ற தலைப்பில் பள்ளியில் பத்து நிமிடம் பேச வேண்டும். வெர்டன், ஸ்டாலின்கிராட், மிட்வே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவளுக்கோ காம்ப்ரே மேல் ஆசை. டாங்கி வந்தது, போர் மாறியது என்று பேசினால் போதுமா?

பதில்: காம்ப்ரேயையே எடுக்கச் சொல்லுங்கள், அருமையான தேர்வு. முதல் உலகப் போரில், பிரான்சின் வடக்கே பிரிட்டிஷ் படை ஜெர்மானியரைத் தாக்கிய சண்டை அது. ஆனால் டாங்கியோடு நின்றுவிட வேண்டாம். பலரும் செய்யும் ஒரு பிழையையும் தவிர்க்கட்டும்: டாங்கி முதன்முதலில் களமிறங்கியது 1916 செப்டம்பர் 15 அன்று, அதே பிரான்சில் நடந்த சோம் போரில். காம்ப்ரேயில் அவை நூற்றுக்கணக்கில் ஒன்றாக வந்தன, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய விஷயம் பிரிட்டிஷ் பீரங்கிகள் அன்று காலைவரை வாய் திறக்காமல் இருந்தது.

அதற்கு முன்பெல்லாம் தாக்குதல் என்றால் பீரங்கிகள் நாள்கணக்கில் முழங்கும். சோமில் ஒரு வாரத்தில் சுமார் 15 லட்சம் குண்டுகள் வீசினார்கள். எதிரிக்கு அதுவே முன்னறிவிப்பு ஆகிவிட்டது. 1916 ஜூலை 1, முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சரி, குறைவாகச் சுடலாமே என்றால் அதிலும் சிக்கல். குறி பார்க்கச் சில சோதனைக் குண்டுகள் போட வேண்டும். ஒன்று முன்னால் விழும், அடுத்தது தாண்டி விழும், பார்த்துப் பார்த்துத் திருத்துவார்கள். புதிதாகப் பீரங்கிகள் வந்திருப்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

காம்ப்ரேயில் இந்தச் சோதனைக் குண்டுகளே இல்லை, எல்லாம் கணக்கு. ஹியூ டியூடர் என்ற பீரங்கிப்படை அதிகாரி முன்வைத்த யோசனை அது. பீரங்கி நிற்கும் இடத்தை சர்வே செய்து வரைபடத்தில் துல்லியமாகக் குறித்தார்கள். குழாய் தேய்ந்தால் குண்டின் வேகம் குறையும் என்பதால், ஒவ்வொரு பீரங்கியையும் முன்னணிக்குப் பின்னால் தனியாகச் சுட்டு அளந்தார்கள். காற்று, வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றுக்கும் திருத்தம் போட்டார்கள்.

எதிரிப் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உங்கள் மகள் இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும். 25 வயதில் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக் இந்த வேலையில் இருந்தார். பீரங்கியின் ஆழ்ந்த அதிர்வொலியைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஒலியைவிட வேகமாகப் பாயும் குண்டின் 'படார்' சத்தம் முந்திக்கொண்டு வந்து சாதாரண மைக்ரோஃபோனைக் குழப்பியது. டக்கர் என்ற வீரர் வழி சொன்னார்: மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி, துளையிட்ட பெட்டியின் வாயில் பொருத்துவது. ஆழ்ந்த ஒலி வரும்போது துளை வழியே காற்று அசையும், கம்பி குளிரும், அதன் மின்தடை மாறும். 'படார்' சத்தத்துக்கு அது அசைந்துகொடுக்காது. இப்படிப்பட்ட மைக்ரோஃபோன்களை வரிசையாக வைத்து, ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளந்தால் பீரங்கியின் இடம் கிடைத்துவிடும். கணக்குப் பாடத்தில் வரும் அதிபரவளையம்தான் இது. கரும்பலகையில் ஒரு படம் போட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

1917 நவம்பர் 20, காலை 6.20. சுமார் 1,000 பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின. டாங்கிகள் முள்கம்பியை நசுக்கி, பதுங்குகுழிகள்மேல் சுள்ளிக் கட்டுகளைப் போட்டுக் கடந்தன. அதே ஆண்டு பெல்ஜியத்தின் பாஸ்செண்டேலில் மூன்று மாதத்துக்கு மேல் போராடிப் பிடித்த தூரத்தை இங்கே ஒரே நாளில் கடந்தார்கள். 23ஆம் தேதி இங்கிலாந்தில் தேவாலய மணிகள் ஒலித்தன.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லட்டும். முதல் நாளே 179 டாங்கிகள் செயலிழந்தன. அவற்றில் பாதிக்கு மேல் பழுதாகியோ பள்ளத்தில் சிக்கியோ நின்றவை. நவம்பர் 30 அன்று ஜெர்மானியர் திருப்பித் தாக்கினார்கள். சிறு குழுக்களாக வந்து, பலமான இடங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்து, இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள். இந்த முறையும் பின்னாளில் எல்லா ராணுவங்களுக்கும் பாடமானது.

தீராத சிக்கலாக இருந்தது தகவல் தொடர்பு. டிசம்பர் 1 அன்று இந்தியக் குதிரைப்படையின் லான்ஸ் தஃபேதார் கோபிந்த் சிங், குண்டுமழைக்கு நடுவே மூன்று முறை செய்தி கொண்டுபோனார். மூன்று முறையும் குதிரை சுடப்பட்டு விழ, மீதித் தூரத்தைக் காலால் கடந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். பீரங்கிக்குப் பின்னால் அவ்வளவு விஞ்ஞானம் இருந்த அதே களத்தில், சேதி போவதற்கு ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? சோமுக்கு இரண்டு நிமிடம், பீரங்கிக் கணக்குக்கும் மைக்ரோஃபோனுக்கும் நான்கு, முதல் நாளுக்கும் எதிர்த்தாக்குதலுக்கும் மூன்று, கோபிந்த் சிங்குக்கு ஒன்று. 'கடைசியில் தோற்றதுதானே?' என்று யாராவது கேட்டால் 1918 ஆகஸ்ட் 8, ஆமியான் சண்டையைச் சொல்லலாம். அங்கே இதே முறையில் ஜெர்மன் பீரங்கிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் இடத்தை முன்கூட்டியே குறித்துவைத்து அடித்தார்கள். அதன்பின் ஜெர்மன் ராணுவம் பின்வாங்கிக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்தில் போர் முடிந்தது.